நாற்பத்தொரு ஓட்டைகள்

விடுமுறை நாளில் தொழிற்சாலைக்கு வருகிறவர்களில் இரண்டு வகைதான் உண்டு. ரிப்பேர் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. காத்துக்காரர் அன்றைக்கு இரண்டிலும் சேராமல் வந்திருந்தார். வரச் சொன்னார்கள், வந்தார்.

தகர டப்பா செய்கிற அந்தத் தொழிற்சாலையில் கம்ப்ரசர் அறை அவர் பொறுப்பு. ஷெட்டின் பின்புறம் மூன்று கம்ப்ரசர்கள் நாள் முழுக்க உறுமிக்கொண்டு காற்றை அழுத்திப் பைப்பில் அனுப்பும். தகட்டைத் தூக்குவது, மூடியை அமுக்குவது, செய்து முடித்த டப்பாவைத் தட்டிவிடுவது எல்லாம் அந்தக் காற்றுதான். காற்று நின்றால் ஷெட்டே நின்றுவிடும். அதனால் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை அவருக்கு ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். அவரும் இருபத்தேழு வருடமாக அந்த மரியாதையைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு அவரை வரச் சொன்னதற்குக் காரணம் ஒரு கடிதம். டப்பாக்களை மொத்தமாக வாங்குகிற பெரிய கம்பெனி, 'ஒரு வருடத்துக்குள் உங்கள் மின்சாரச் செலவையும் புகையையும் கால்வாசி குறைத்துக் காட்டுங்கள், முடியாவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதிவிட்டது. மேனேஜர் ஆடிப்போய்விட்டார். உடனே கழிவறை விளக்குகளை அணைக்கச் சொன்னார். 'பூமியைக் காப்போம்' என்று நாலு கலரில் அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டினார். இருட்டில் இரண்டு பேர் வழுக்கி விழுந்ததும், போஸ்டர் அடித்த மையின் நாற்றமும்தான் மிச்சம். அதற்குப் பிறகுதான், விஷயம் தெரிந்த ஆள் ஒருவரை வெளியிலிருந்து கூப்பிட்டார்.

விடுமுறைக்கு முந்தின நாள் வந்து இறங்கியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. முட்டி வலி, மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு பை. பைக்குள் பெரிய கருவி ஏதோ இருக்கப்போகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் ஒரு ஸ்டாப் வாட்சும்தான். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குச் சோப்பு மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது.

"எல்லா மெஷினும் நின்னாச்சுல்ல அண்ணே?" என்று கேட்டார் சோப்பு மேடம்.

"ஒண்ணுகூட ஓடல மேடம். ஷெட்ல ஒரு ஈ காக்கா கிடையாது."

"அப்ப மூணாவது கம்ப்ரசரை மட்டும் போடுங்க."

போட்டார். கணக்கு எளிது. காற்றை எடுக்க யாரும் இல்லை. அதனால் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறி, வேண்டிய அளவைத் தொட்டதும் கம்ப்ரசர் தானாக உறுமலை அடக்கிக்கொள்ள வேண்டும். சோப்பு மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்த்தார். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறி, அங்கேயே நின்றுகொண்டது. கம்ப்ரசர் மூச்சு விடாமல் உறுமிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து அவர் ஸ்டாப் வாட்சை நிறுத்தினார்.

"ஆளே இல்லாத ஷெட்டுக்கு முழு மூச்சா ஊதிக்கிட்டு இருக்கு. யாருக்குண்ணே ஊதுது?"

"பழைய பைப்புங்க மேடம். அங்கங்க கசியும்" என்றார் காத்துக்காரர். சொல்லும்போதே முள்ளிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார். ஏனென்றால் யாருக்கு ஊதுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆள் ஆளாகத் தெரியும். எந்தெந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து ஊதுகிறது என்றுகூடத் தெரியும். அத்தனை ஓட்டையும் போட்டது அவர்தான்.

இதைக் கேட்டதும் அவரைத் திருடன் என்றோ பைத்தியம் என்றோ முடிவுகட்டிவிடக் கூடாது. முதல் ஓட்டையின் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுவோம்.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் அவர் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். மதிய நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இரத்தம் நிற்கவில்லை, அந்த வகை இரத்தம் கையிருப்பில் இல்லை, ஆள் கொண்டு வாருங்கள் என்றார்கள். காத்துக்காரர் ஷெட்டுக்குள் ஓடினார். ஒவ்வொரு மெஷினாக நின்று, சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கேட்டார். கையை விரித்தவர்கள்தான் எல்லோரும். கடைசியில் ஷெட்டின் கோடியில், வார்னிஷ் பூசிய தகட்டைக் காயவைக்கிற ஓவனிடம் போய் நின்றார். அதன் வாயில் வேலை செய்துகொண்டிருந்த பெண், "எனக்கு அதே குரூப்புதான்" என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினார். அவ்வளவுதான் பேச்சு. ஸ்கூட்டர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்த காத்துக்காரர், ஓவன் அக்காவின் முன்னால் போய் நின்றார். வாய் வரவில்லை. நன்றி என்ற சொல் நம்மிடம் மேடைக்கும் கடிதத்துக்கும் இருக்கிறது. முகத்துக்கு முகம் நின்று சொல்லப் போனால் நாடகத்தில் நடிப்பது போல நாக்கு கூசும். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டார். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஓவன் வாயில் அந்த அம்மாள் எப்படி வேகிறார் என்பதை.

அடுத்த விடுமுறை நாளில் யாருக்கும் தெரியாமல் வந்து, ஓவனுக்கு மேலே போகிற காற்றுப் பைப்பில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு ஓட்டை போட்டார். அதில் செம்புக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அக்கா நிற்கிற இடத்தைப் பார்த்து வளைத்துவிட்டார். மறுநாள் காலையில் அக்கா தன் இடத்துக்கு வந்து நின்றதும் ஜில்லென்று காற்று கழுத்தில் இறங்கியது. அக்கா அண்ணாந்து பார்த்தார், அப்புறம் தூரத்தில் நின்ற காத்துக்காரரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இந்த மாதிரி விஷயம் மூடி வைத்தால் மூடியா இருக்கும். அச்சு மெஷின்காரர் வந்து தலையைச் சொறிந்தார். ஆஸ்துமா இருக்கிற பேக்கிங் அண்ணன் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார். கர்ப்பமாக இருந்த ஒருத்திக்கு மயக்கம் வந்தது. நல்ல மனசுக்காரர் ஒருவர் கையில் டிரில் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. இருபத்துமூன்று வருடத்தில் நாற்பத்தொரு ஓட்டை. காற்று போதவில்லை என்று நடுவில் ஒருமுறை மூன்றாவது கம்ப்ரசர் வாங்கினார்கள். அதற்குப் படையலிடாத குறையாகப் பராமரித்ததும் அவர்தான். ஏன் போதவில்லை என்று ஒரு நாளும் அவர் யோசித்ததில்லை. காற்று என்ன, சும்மா கிடைப்பதுதானே என்றிருந்தார். கம்ப்ரசர் அறையிலேயே கிடந்தவர் அப்படி நினைத்தார் என்பதுதான் வேடிக்கை.

மறுநாள் சோப்பு மேடம் ஷெட்டுக்குள் பாட்டிலோடு கிளம்பினார். கூடவே ஏணி பிடிக்க காத்துக்காரரைக் கூப்பிட்டார். கண்கொத்திப் பாம்பு போல மேடம் ஒவ்வொரு பைப்பாகப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். முதலாவது செம்புக் குழாயில் நுரை பூத்துப் பொங்கியது. மேடம் மஞ்சள் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டு, குழாயைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இதப் பாருங்க. இது தானா விழுந்த ஓட்டை இல்ல. யாரோ ரசிச்சுப் போட்டது."

"அப்படியா மேடம்."

"பொதுவா இந்த மாதிரி ஓட்டையெல்லாம் விசிலடிக்கும். சத்தத்தை வெச்சே பிடிச்சிடலாம். இதுல சத்தமே இல்ல பாருங்க. உள் விளிம்பை எவ்வளவு நைசா தேச்சிருக்கான். ஆள் பெரிய கைக்காரன்."

அறுபதை நெருங்குகிற மனிதருக்குத் தன் கைவேலையைப் பாராட்டிக் கேட்க ஆசையாக இருக்காதா. 'நான்தான்' என்று சொல்ல வாய் திறந்தேவிட்டது. சொன்னால் வேலை போகும் என்ற நினைவு வந்து மூடிக்கொண்டது. ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் நாற்பது மஞ்சள் சீட்டு தொங்கியது. ஓவன் பக்கம் மட்டும் பாக்கி. அங்கே போவதற்குள் மேடத்துக்கு முட்டி வலி எடுத்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காத்துக்காரர் அந்த முட்டிக்கு மனதாரக் கும்பிடு போட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே மனைவி கொடிக் கயிற்றை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு மேற்கே நிலக்கரியில் ஓடுகிற மின் நிலையம் இருக்கிறது. அதன் சாம்பல் காற்றோடு வந்து எங்கும் படியும். கயிற்றைத் துடைக்காமல் துணி போட்டால் நடுவில் கறுப்புக் கோடு விழுந்துவிடும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே பிழைப்புதான்.

அவர் நடந்ததைச் சொன்னார். முதல் ஓட்டையைப் பற்றி அவளுக்குத் தெரியும். மற்ற நாற்பதைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள்.

"நாற்பத்தொண்ணா?" என்றாள். "அதுக்கு எவ்வளவு கரண்டு ஆகுமாம்?"

"மூணாவது மெஷின் மொத்தமும் அதுக்குத்தான் ஓடுதுன்னு அந்தம்மா சொல்லுது. இந்தத் தெருவுல உள்ள வீடெல்லாம் எரிக்கிற கரண்டு."

அவள் கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. அதை அப்படியே அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அப்ப நான் தினமும் துடைக்கிறதுல உங்க பங்கும் இருக்கு."

காத்துக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"ஏங்க, போய்ச் சொல்லிடுங்க. அந்தம்மாவே கண்டுபிடிச்சாங்கன்னா அசிங்கம். நீங்களா சொன்னா தப்பு மட்டும்தான்."

"வேலை போயிடுமேடி."

"போனா போகுது. எனக்கு உயிரே போக இருந்துச்சு, போகல. அதுக்கு மேல என்ன."

"சொல்லிடலாம். ஆனா ஓவன் ஓட்டையை எப்படி அடைக்கிறது? மத்ததெல்லாம் கேட்டாங்க, போட்டேன். அது அப்படியா? அதை அடைச்சா, அக்காவுக்குச் செஞ்சதை நானே திரும்ப வாங்கிக்கிற மாதிரி ஆயிடும்."

அவள் துணியைப் பிழிந்தாள்.

மறுநாள் காலை, சோப்பு மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது காத்துக்காரர் அவர் எதிரே போய் நின்றார். "அந்தக் கைக்காரன் நான்தான் மேடம்" என்றார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஆஸ்பத்திரி, இரத்தம், ஆஸ்துமா, மயக்கம் என்று ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். காத்துக்காரர் திட்டுக்குத் தயாராக நின்றார். மேடமோ பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"ஒவ்வொரு ஓட்டையும் ஏன் போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

"சொல்லுங்க, எழுதிக்கிறேன். நாற்பத்தொண்ணும் வேணும்."

"எதுக்கு மேடம்? அடைச்சுத் தள்ள வேண்டியதுதானே."

"இருபது வருஷமா இதத்தான்ணே செய்றேன். ஓட்டைய அடைச்சுட்டு நான் போயிடுவேன். ஆறு மாசத்துல பக்கத்துலயே புது ஓட்டை வந்துடும். ஏன்னா வெக்கை அப்படியேதான இருக்கு. யாரும் வேணும்னு எதையும் வீணாக்கறதில்ல. ஏதோ ஒரு தேவை இருந்திருக்கும். அதுக்கு யாரும் வழி பண்ணித் தரல. அதனால அவங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க. அந்தத் தேவை என்னன்னு எந்தக் கம்பெனியிலயும் எனக்கு யாரும் சொன்னதே இல்ல. நீங்கதான் முதல் ஆள். அதுக்கு நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன்."

காத்துக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்க வந்த இடத்தில் இப்படி ஒரு வார்த்தை கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றாவதிலிருந்து ஆரம்பித்தார். நாற்பத்தொன்றாவதும் முடிந்த பிறகு, ஓவன் ஓட்டையை மட்டும் விட்டுவிட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"அத நான் எப்படிச் சொல்றது? அது அவங்களுக்குக் குடுத்தது. அவங்களையே போய்க் கேளுங்க."

கேட்பதற்கு அவருக்கு முழுசாக ஒரு நாள் பிடித்தது. மதிய இடைவேளையில், ஓவன் அக்கா தன் இடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். கழுத்தில் வழக்கம் போலத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். வேர்வை துடைக்கிற துண்டு என்றுதான் ஷெட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, மேல இருக்கிற காத்துக் குழாயை அடைக்கச் சொல்றாங்க. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, நான் போய் மன்றாடிப் பாக்கறேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் துண்டின் ஒரு சுற்றைக் கழற்றினார்.

"தம்பி, ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்க மாட்டியே."

"சொல்லுங்க."

"முன்னால ஓவன் சூடு. பின்னால உன் காத்து, ஐஸ் மாதிரி ஒரே இடத்துல குத்தும். காத்து வந்த ரெண்டாவது மாசமே கழுத்து பிடிச்சுக்கிச்சு. அப்பலேருந்து துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் நிக்கிறேன். இந்தக் காதும் அவ்வளவா கேக்கறதில்ல."

காத்துக்காரர் துண்டையும் மேலே இருந்த குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "வாரா வாரம் வந்து கேட்டேனேக்கா. காத்து நல்லா வருதான்னு."

"வருதுன்னு சொன்னேன். வந்துச்சே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கேட்கும்போது உன் மூஞ்சியப் பாக்கணுமே நீ. பரிசு வாங்கின பையன் மாதிரி இருக்கும். துண்டு சுத்தறது பெரிய கஷ்டமா என்ன."

இருபத்துமூன்று வருடம். அவர் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு கொடுத்தார், அக்கா வாங்கிக்கொள்வதாகக் காட்டிக்கொண்டு வாங்கினார். இருவருக்கும் நடுவில் ஒரு கம்ப்ரசர் நிலக்கரியைத் தின்றுகொண்டு ஓடியது. காத்துக்காரர் தலையில் கை வைத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததைப் பார்த்து இவருக்கும் வந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பதைப் பார்த்து, ஏதோ ஆகிவிட்டது என்று நின்று பார்த்தார்கள்.

மேனேஜரின் அறையில் சிரிப்பு இல்லை. அவர் குதித்த குதியில் மேஜை மேலிருந்த பேனாக்கள் உருண்டன. நியாயம்தான். கையெழுத்துப் போட்டு மெமோ கொடுத்தார், காத்துக்காரரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வேலையை விட்டே அனுப்பியிருப்பார். சோப்பு மேடம்தான் தன் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தார்.

"இவரை அனுப்பிட்டீங்கன்னா, இந்த லிஸ்ட்ல இருக்கிற ஆளுங்ககிட்டப் போய்ப் பேசறதுக்கு வேற யாரு இருக்கா? நான் கேட்டா, வெக்கையே இல்லன்னு சொல்லிடுவாங்க."

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். பன்னிரண்டாவது ஓட்டையில் நின்றார். அது அவருடைய சொந்தத் தங்கச்சி வேலை செய்கிற மேஜைக்கு மேலே இருந்தது. அதற்கப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

வேலை தொடங்கியது. முதலில் போட்ட ஓட்டைதான் முதலில் அடைபட்டது, ஏனென்றால் வெக்கையின் மூலமே ஓவன்தான். அதன் உடம்பைச் சுற்றிக் சூட்டை வெளியே விடாத கனமான கண்ணாடிக் கம்பளிப் பலகைகளை வைத்து மூடினார்கள். முன்பெல்லாம் பக்கத்தில் போனாலே புருவம் பொசுங்குகிற மாதிரி இருக்கும். இப்போது வெளிப்பக்கம் கை வைத்துப் பார்க்கலாம். புகைபோக்கி வழியாக வெறுமனே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த சூட்டை ஒரு குழாயில் திருப்பி, தகடு கழுவுகிற தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சத் தனியாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு அணைந்தது. கூரை உச்சியில் வரிசையாகத் திறப்பு வைத்தார்கள், உள்ளே தேங்கிக் கிடந்த அனல் தானாகவே மேலே ஏறி வெளியே போனது. அதற்குக் கரண்டும் வேண்டாம், காத்துக்காரரும் வேண்டாம்.

அவருடைய வேலை வேறு. ஆள் ஆளாகப் போய் உட்கார்ந்து பேசினார். "இப்ப எப்படி இருக்கு? அடைக்கட்டுமா, இன்னும் ரெண்டு நாள் போகட்டுமா?" என்று கேட்டார். சரி என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் குழாயைக் கழற்றி ஓட்டையைப் பற்றவைத்தார். அச்சு மெஷின்காரர் மட்டும் மூன்று வாரம் இழுத்தடித்தார். அவருக்கு ஒரு மின்விசிறி கிடைத்த பிறகுதான் இறங்கி வந்தார். ஆஸ்துமா அண்ணனை வார்னிஷ் வாடை வராத பக்கத்துக்கு மாற்றினார்கள். இத்தனை வருடம் அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது காற்றே இல்லை, வேறு இடம்தான். அதை யாரும் கேட்டதில்லை. காத்துக்காரரும் கேட்டதில்லை.

ஆறு மாதம் ஆனது. நாற்பத்தொன்றும் அடைபட்ட பிறகு, ஒரு காலையில் முதல் ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது கம்ப்ரசரை நிறுத்திப் பார்ப்பது என்று முடிவானது. ஷெட் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர், சோப்பு மேடம், ஷிப்ட் ஆட்கள் நாலு பேர் என்று சின்னக் கம்ப்ரசர் அறை நெரிந்தது. யார் பட்டனை அமுக்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காத்துக்காரர் போய் அமுக்கினார். உறுமல் மெல்ல இறங்கி நின்றது. எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். முள் கொஞ்சம் நடுங்கிவிட்டு, தன் இடத்திலேயே நின்றது.

அந்த மெஷினைப் பிள்ளை போல வளர்த்தவர் அழுவார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. தெருவில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டார். சோப்பு மேடத்தின் பக்கம் திரும்பினார். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், எழுதுகிற கையை நிறுத்தாமலே மறுகையால் இவர் தோளைத் தட்டினார்.

ஷெட்டுக்குள் நுழைந்தபோதுதான் காத்துக்காரருக்கு ஒன்று உறைத்தது. இதற்கு முன்னால் மெஷின்கள் ஓடுகிற நேரத்தில் இந்த இடத்தில் யாரும் கத்தாமல் பேசி அவர் கேட்டதில்லை. மெஷின்களின் தடதடப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு மேலே எப்போதும் ஒரு போர்வை போலப் படிந்திருந்த காற்றின் இரைச்சல் இல்லை. ஒவ்வொரு ஓட்டையையும் சத்தம் வராமல் தேய்த்தவர்தான். நாற்பத்தொன்று சேர்ந்தால் எவ்வளவு இரையும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

நேராக ஓவனுக்குப் போனார். அக்கா தகட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். கழுத்து வெறுமனே இருந்தது.

"நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தியாச்சுக்கா."

காத்துக்காரர் போகவில்லை. மேலே பைப்பைப் பார்த்தார், பற்றவைத்த தழும்பு மட்டும் இருந்தது. இனி தனக்காக அங்கிருந்து எதுவும் பேசாது என்று தெரிந்தது. தொண்டையைச் செருமினார்.

"அக்கா, நீங்க அன்னைக்கு வரலைன்னா என் வீட்டுல விளக்கு எரிஞ்சிருக்காது. இதை இத்தனை வருஷமா நான் வாய் திறந்து சொன்னதே இல்ல. ரொம்ப நன்றிக்கா."

நினைத்த அளவு நாக்கு கூசவில்லை. அக்கா கையுறையைக் கழற்றினார். ஓவன் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, தகடு எதுவும் வராத வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, அப்ப நான் சேந்து நாற்பது நாள். ஒரு ஆம்பள வேலையைப் பிடுங்கிட்டு வந்தவள்னு ஷெட்ல ஒருத்தர் என்கூடப் பேசல. தண்ணி குடத்தைக்கூட நகத்தி வெச்சுட்டாங்க. அன்னைக்கு ராஜினாமா எழுதிப் பையில வெச்சிருந்தேன்."

காத்துக்காரருக்கு இது தெரியாது.

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டு என்கிட்டயும் வந்து கேட்டியே. அக்கான்னு கூப்பிட்டியே. நன்றிய நான்தான் சொல்லணும்னு இருந்தேன். நீ அதுக்குள்ள போய் ஓட்டை போட்டுட்டே."

அடுத்த தகடு வந்துவிட்டது. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு அதை வாங்கினார்.